அண்டம் நானாவின் தராசு

இந்தப் பிரபஞ்சம் எப்படி உண்டானது என்பது இரண்டே பேருக்குத்தான் முழுதாகத் தெரியும். ஒருவர் அதைப் படைத்தவர். மற்றவர் மாத்தளைச் சந்தைக்குப் பக்கத்தில் முட்டையும் கோழித் தீனும் விற்கும் அண்டம் நானா.

நானா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். அண்டம் என்றால் முட்டை. அண்டம் என்றால் பிரபஞ்சமும்தான். அவருடைய வியாபாரத்தையும் வியாதியையும் ஒரே சொல்லில் அடக்கிப் பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. கைப்பேசியில் விண்வெளிக் காணொளிகளாகப் பார்த்துத் தள்ளியதில் வந்த வியாதி அது. நாம் முட்டை கேட்டுப் போனால், ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொள்வார். எல்கடுவ மலையும் சந்தை மிளகாய் மூட்டையும் வானத்து நட்சத்திரங்களும் ஒரு காலத்தில் இதைவிடச் சின்ன இடத்தில் அடங்கிக் கிடந்தன என்பார்.

"அல்லாஹ் 'குன்', ஆகு எண்டான். விரிஞ்சிச்சு. இப்பவும் விரிஞ்சிக்கிட்டே ஈக்கு."

சொல்லி முடிக்கும்போது அவர் கண் கலங்கியிருக்கும். முட்டைக்குக் காத்திருந்த வீட்டில் சட்டி கருகியிருக்கும்.

ஒருமுறை எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருத்தியிடம், உலகத்தையே நடத்துவது நாலு விசை என்று சொல்லிவிட்டார். விசை அவள் காதில் விசாவாக விழுந்தது. மறுநாள் பாஸ்போர்ட்டோடு வந்து நின்றாள்.

"நாலு வேணாங்க நானா. எனக்கு ஒண்ணு போதுங்க. குவைத்துன்னாலும் போறேன்."

நானா மதியம்வரை விளக்கினார். இந்த ஏஜென்சிக்காரர் பிடிகொடுத்தே பேசமாட்டேன் என்கிறார் என்று அவள் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

நானும் சிரித்தவன்தான், என் மகள் பிறக்கும்வரை. ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். எடை ஏறினால்தான் நம்பிக்கை என்றார் டாக்டர். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பார்வையாளர் நேரத்தில் அவித்த முட்டைப் பொட்டலத்தோடு நானா வந்தார். பெற்றவர்களுக்கு மட்டும்தான் என்று காவலாளி உள்ளே விடவில்லை. நமக்கு விசா இல்லையாம் என்றபடி வாசல் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோழிக்குஞ்சு பொரிப்பதும் பெட்டிக்குள்தானே என்று ஆறுதல் வேறு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எடையில்லை, பலமே இல்லை என்று சொல்லி அழுதுவிட்டேன்.

"தம்பி, நாலு விசையிலயும் பலம் கொறஞ்சது எது தெரியுமா? இந்த ஈர்ப்புதான். ஒரு சின்னக் காந்தம் குண்டூசியத் தூக்கினா, முழுப் பூமியும் சேந்து இழுத்தாலும் தோத்துப் போகும். ஆனா விடாம இழுக்கும். தூசியெல்லாம் கூட்டி நட்சத்திரமா ஆக்கினது அதுதான். எடையெண்டா என்ன? பூமி புள்ளையப் புடிக்கிற பிடி. இப்பதானே கைய வச்சீக்கு. இறுக்கிக்கும்."

முட்டையை உரித்து அவரே என் வாயில் வைத்தார். மகளின் இரத்தத்தில் ஓடும் இரும்பும் ஏதோ ஒரு நட்சத்திரத்தில் வெந்ததுதான் என்றார். பிறகு நான் உள்ளே போய்க் கண்ணாடி வழியே அவளைப் பார்த்தேன். அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்குவதற்காகவா இவ்வளவு பெரிய அண்டம் இத்தனை காலம் பாடுபட்டது என்று நினைத்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பூமி பிடித்துக்கொண்டது. மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மாதா மாதம் அவளைத் தீன் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றி, "பூமி நல்லாப் புடிச்சீக்கு" என்று சந்தைக்கே அறிவிப்பார் நானா.

இரத்தத்தில் சீனி கூடி, சீனி வருத்தம் வந்து இந்த வருடம் அவர் பாதியாக மெலிந்துவிட்டார். போன வாரம் மகள் அவரைத் தராசில் ஏறச் சொன்னாள். முள்ளைப் பார்த்தாள். முகம் வாடிப்போனது.

"பூமி ஒங்கள விடப் பாக்குது மாமா."

நானா சிரித்தார். அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. தானும் ஏறி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒட்டி நின்றாள். முள் சர்ரென்று ஏறியது.

"இப்ப சரி" என்றாள்.

நானா இறங்கவில்லை. இறங்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.