நூறு வருஷம் மங்காத நீலம்

விலை அதிகமாக இருந்தால் சரக்கு நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வியாதி எனக்கு உண்டு. செருப்பு, குடை, பிரஷர் குக்கர், மாப்பிள்ளை (இதைப் பற்றி இங்கே வேண்டாம், அவர் படிப்பார்) எல்லாவற்றிலும் இந்த வியாதியால் அடி வாங்கியிருக்கிறேன். ஆனால் மற்ற அடிகளைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். கல்லறைத் திருநாளில் வாங்கிய அடியைச் சொல்லும்போது மட்டும் பாதியில் குரல் கம்மிவிடுகிறது.

கோலார் தங்க வயலில் சுரங்கத்தை மூடிய வருடம் அது. அப்பா அதற்கு முந்தைய வருடமே போய்விட்டார். நெஞ்சில் அத்தனை வருடச் சுரங்கத் தூசி. "மூடறத பாக்காம போயிட்டாரு, புண்ணியவான்" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பி ஜெரோமுக்குப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. நவம்பர் ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு, சுரங்கத்து லைன் வீட்டைக் காலி செய்துகொண்டு மூன்று பேரும் அங்கே போய்விடுவது என்று முடிவாயிற்று.

அம்மாவுக்கு வீட்டைப் பற்றிக் கவலை இல்லை. கவலையெல்லாம் அப்பாவின் குழியைப் பற்றித்தான். அது சுற்றிலும் செங்கல் பதித்த மண்மேடு, தலைமாட்டில் ஒரு சிமெண்ட் சிலுவை, அவ்வளவுதான். பெயரைக் கல்லில் வெட்டி வைக்க எங்களுக்கு வசதி இல்லை. வருடா வருடம் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்துப் பெயரைப் பெயிண்டில் எழுதுவதுதான் எங்களைப் போன்றவர்களின் வழக்கம். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் நெருக்கடி. பெயர் அழிந்து, பார்க்க ஆளும் இல்லாமல் கிடக்கிற மேட்டை வேறொருவருக்காகத் தோண்டிவிடுவார்கள்.

"நாம இங்க இருக்கமாட்டோம். பேரு நல்லா நிக்கணும்" என்றாள் அம்மா. "ஆண்டர்சன்பேட்டைக்குப் போயி எனாமல் டப்பா ஒண்ணு வாங்கிக்கினு வா. கருப்பு."

"அது கேட்டுக்கு அடிக்கிற பெயிண்ட்மா."

"கேட்டுல நிக்குது இல்ல?"

 அன்று என்னிடம் பதிலுக்குப் பதிலாகத் திமிர் இருந்தது. நான் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். மாம்பழமும் தேசியக் கொடியும் வரையக் கற்றுக்கொடுப்பதுதான் உத்தியோகம். ஆனாலும் என் மனதில் நான் ஓவியர். தோளில் ஜோல்னாப்பை கூட உண்டு. கல்லறைத் தோட்டத்தில் மற்றவர்கள் எனாமலில் எழுதி வைத்திருக்கும் பெயர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுத்துக்குக் கீழே வழிசல், 'ண'வுக்குச் சுழி போட இடமில்லாமல் சிலுவையின் பக்கவாட்டில் திரும்பிப் போன கோடு. என் அப்பாவுக்கு அப்படி நடக்க விடுவேனா?

பெங்களூருக்கு வீடு பார்க்கப் போனபோது தம்பியை வெளியே நிற்க வைத்துவிட்டு ஒரு பெரிய கலர்க் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் கேட்டார்: "ஸ்டூடண்ட் குவாலிட்டியா, ஆர்ட்டிஸ்ட் குவாலிட்டியா மேடம்?"

என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் மனிதர் அவர். அப்புறம் எப்படி ஸ்டூடண்ட் குவாலிட்டி கேட்பது? மலிவு டப்பாவை அவர் எடுப்பதற்கு முன்பே தள்ளிவிட்டு, ஃபாரின் வாட்டர் கலர் டியூப் ஒன்றை, சுண்டு விரல் அளவுதான் இருக்கும், கையில் வாங்கிக்கொண்டேன். நீலம். மங்காது இல்லையா என்று கேட்டேன். "ஹண்ட்ரட் இயர்ஸ் மேடம். வெயில்லயே வெச்சாலும் மங்காது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வெயிலைப் பற்றித்தான் சொன்னார்.

நான் ஒன்றும் சோதிக்காமல் இறங்கவில்லை. சுண்ணாம்பு அடித்த செங்கல்லில் அந்த நீலத்தைத் தீட்டி, கூரைமேல் காய வைத்துப் பார்த்தேன். நாளுக்கு நாள் ஜொலித்தது. பள்ளிக்கூடத்து வில்லைக் கலர் தண்ணீரில் கரையும் என்று எனக்குத் தெரியும். அது மலிவு, அதனால் கரைகிறது, இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதா கரையும் என்பது என் சித்தாந்தம். தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் லைனில் குழாயில் தண்ணீர் வருவதே ஒரு திருவிழா. குடத்துக்குச் சண்டை நடக்கிற இடத்தில் செங்கல்லை யார் குளிப்பாட்டுவார்கள்?

திருநாளுக்கு முன்தினம் தனியாகப் போய் எழுதினேன். அந்தோணிசாமி. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓரத்தில் நிழல் கூடக் கொடுத்தேன். எல்லோரும் கருப்பில் எழுத நான் ஏன் நீலத்தில் எழுதினேன் என்றால், வாழ்நாளெல்லாம் பூமிக்கடியில் கிடந்தவருக்கு வானத்தின் நிறமாம். (இப்படியெல்லாம் யோசிக்கிற வயது.) மறுநாள் அம்மா வந்து, குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள்.

"இன்னாம்மா, நல்லா கீதா?"

"ராஜா பேரு மாதிரி கீதுடி" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துக் கல்லறைக்காரம்மாவும் எட்டிப் பார்த்து, "உங்க பொண்ணு எழுதிச்சா?" என்று கேட்டார். நான் ஜோல்னாப்பையைச் சரிசெய்துகொண்டேன்.

பூசை முடிந்து கல்லறைகளை மந்திரிக்கச் சாமியார் வரிசை வரிசையாக வந்தார். சர்ச்சுக்குப் புதிதாக வந்த இளம் சாமியார். தீர்த்தம் தெளிப்பதில் கஞ்சத்தனம் இல்லாதவர். வாளியில் தழையை முக்கி, எங்கள் சிலுவையின் மேல் மூன்று முறை பளார் பளார் என்று வீசினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் மூடவில்லை. 'அ'வின் வயிறு மெல்ல இறங்கியது. 'தோ' தன் கொம்போடு நழுவியது. என் நிழல்கள் எல்லாம் முதலில் ஓடின. அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுக்கக் கை நீட்டினேன். அதற்குள் அம்மா கண்ணைத் திறக்காமலே குனிந்து, வழக்கம்போல் சிலுவையில் நெற்றியை வைத்து, பெயரின் மேல் உதடு பதித்து முத்தி செய்தாள்.

நிமிர்ந்தபோது அவள் நெற்றி, மூக்கு நுனி, உதடு எல்லாம் நீலம்.

தம்பி "அய்யோ" என்று தொடங்கி, அது சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டான். சாமியார் செபம் சொல்வதற்காகப் பெயரைப் படிக்கப் பார்த்தார். அங்கே நீலமாக ஒழுகிக்கொண்டிருந்ததே தவிரப் பெயர் இல்லை.

"யார் கல்லறைம்மா இது? பேர் என்ன?"

 இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அம்மா அப்பாவின் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் யாராவது கேட்டால் என் முழங்கையை இடிப்பாள், நான் சொல்வேன். அன்றும் இடித்தாள். நான் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அம்மா என்னைப் பார்த்தாள், சிலுவையைப் பார்த்தாள். விரலால் உதட்டைத் தொட்டு அந்த நீலத்தைப் பார்த்தாள்.

"அந்தோணிசாமி" என்றாள். சுற்றியிருந்த நாலு வரிசைக்கும் கேட்டிருக்கும்.

சாமியார் செபம் சொல்லிவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார். அம்மா மேட்டின்மேல் உட்கார்ந்து அழுதாள். அடக்க நாளன்று கூட அப்படி அழவில்லை. நானும் அழுதேன். எனக்கு அப்பாவும் போய், அவர் பெயரும் போய், மானமும் போயிருந்தது.

பக்கத்துக் கல்லறைக்காரம்மாதான் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். "மிச்சம் கீதும்மா. எழுதிக்கோ." கருப்பு எனாமல். ஈரச் சிலுவையில் பெயிண்ட் பிடிக்காதே? அங்கே மெழுகுவர்த்திக்கா பஞ்சம்! தம்பி ரெண்டு, அம்மா ரெண்டு, அந்தம்மா வீட்டுக்காரர்கள் ஆளுக்கொன்று பிடித்துக்கொண்டு சிலுவையைச் சுற்றி நின்று காய வைத்தார்கள். எழுதினேன். எழுத்துக்குக் கீழே வழிசல். 'ணி'யின் சுழி சிலுவையின் பக்கவாட்டில் திரும்பிப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவத் தண்ணீர் மொண்டு வைத்தேன். "இருக்கட்டும்" என்றாள் அம்மா. அன்று படுக்கிறவரை அப்படியேதான் இருந்தாள்.

பெங்களூரில் அந்தக் கதைக்குக் கைகால் முளைத்துவிட்டது. எந்தக் கல்யாணத்தில் நாலு பேர் கூடினாலும் தம்பி ஆரம்பிப்பான்: "செத்து ஒரு வருஷம் கழிச்சி எங்கப்பா எங்கம்மாவுக்கு லிப்ஸ்டிக் போட்டாரு." எல்லோரும் சிரிக்க, அம்மா பொய்க்கோபத்தோடு சொல்வாள்: "சிரிங்கடா. அவரு பேர வாயால சொல்லாம இருந்தேன். வாயிலயே வந்து ஒட்டிக்கினாரு." நான் எதையாவது விலை கொடுத்து வாங்கி வந்தால் அவள் முதலில் கேட்பது, "தண்ணி ஊத்திப் பாத்தியா?"

அம்மாவும் இப்போது அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான், அப்பாவுக்குப் பக்கத்தில். போவதற்கு முன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்று: "எனக்கும் எனாமல்ல எழுது." எழுதுகிறேன். ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும் ஆண்டர்சன்பேட்டையில் இருப்பதிலேயே மலிவான கருப்பு டப்பாவாகப் பார்த்து வாங்கி, ரெண்டு பெயரையும் எழுதிக் காய விட்டு வருகிறேன். திருநாளன்று தீர்த்தம் விழுகிறது. ஒரு புள்ளி அசைவதில்லை. நான் குனிந்து ரெண்டு பெயருக்கும் முத்தி செய்துவிட்டு நிமிர்வேன்.

"இன்னா அக்கா, ஒட்டிச்சா?" என்பான் தம்பி.

உதட்டைத் தேய்த்து விரலைப் பார்ப்பேன். "இல்லடா" என்பேன். ஒட்டியிருந்தால் நன்றாக இருக்கும்.