காசிமேட்டுப் படகுகளை நான் அழித்த நாள்

சிலருக்குக் கரப்பான்பூச்சியைக் கண்டால் பயம். எனக்கு, அடித்த வார்த்தைக்கு அடியில் கம்ப்யூட்டர் போடும் சிவப்புக் கோட்டைக் கண்டால் பயம். டீச்சர் முதுகுக்குப் பின்னால் நின்று உச்சுக் கொட்டுவது போலவே இருக்கும். வீட்டைப் பூட்டிப் படியிறங்கிய பிறகு, கேஸை அணைத்தோமா என்று மறுபடி மேலேறிப் பார்க்கிற ரகம் நான். இப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் ஒரு வரம் கிடைத்தது. அந்தக் கோட்டின் மேல் கிளிக் செய்தால் 'அகராதியில் சேர்' என்று ஒரு வழி வரும். அதை அமுக்கினால் கோடு மறைந்துவிடும். வார்த்தை சரியா தப்பா என்பதெல்லாம் அப்புறம். முதலில் மனசுக்கு நிம்மதி.

(அந்த நிம்மதிதான் பிறகு ஆபீஸ் மாடிப்படி முழுக்க ஆள் ஆளாக வந்து நின்றது.)

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி, விசைப்படகுகளுக்கு இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுக்கும் ஒரு சின்ன ஆபீஸில் எனக்கு வேலை. மகள் பிறந்து, லீவு முடிந்து திரும்பியிருந்த புதுசு. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுத் திருவொற்றியூரிலிருந்து வருவேன். படகுக்காரர்கள் தரும் விவரங்களைக் கம்பெனிக்கு மெயிலில் அனுப்புவேன். நான் என்ன பெயர் எழுதுகிறேனோ அதுவே பாலிசியில் அச்சாகும். புனிதர்கள், அம்மன்கள், படகுக்காரரின் பெண்பிள்ளைகள் என்று இருக்கும் அந்தப் பெயர்களை ஆங்கிலத்தில் அடித்தால் கம்ப்யூட்டருக்கு ஒன்றுகூடத் தெரியாது. எல்லாவற்றுக்கும் கோடு போட்டது. எல்லாவற்றையும் அகராதியில் சேர்த்தேன்.

அப்படிச் சேர்த்ததில் ஒன்று 'மரிய ஜெபமாலை'. அரைத் தூக்கத்தில் அடித்திருக்கிறேன். ஒரு எழுத்தை விழுங்கி, விழுங்கியது விழுங்கியபடியே சேர்த்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சரியாக அடித்தால் சிவப்புக் கோடு வந்தது. உடனே பதறிப்போய், கோடு வராத தப்பான பெயரையே மாற்றிப் போட்டேன். கம்ப்யூட்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது? (அதற்குச் சொல்லிக் கொடுத்த அறிவாளியே நான்தான் என்பது மறந்து போயிருந்தது.)

மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு நாள் இருந்தபோது, அந்தப் படகின் உரிமையாளர் ஆரோக்கியதாஸ் அண்ணனும் அவர் மனைவி சகாயம் அக்காவும் வந்தார்கள். முதலில் வந்த பாலிசியில் படகின் பெயர் தப்பு. திருத்தித் தருகிறேன் என்று நான் மறுபடி வாங்கிக் கொடுத்ததிலும் அதே தப்பு. கடலில் ஏதாவது ஆகிவிட்டால், இது உங்கள் படகே இல்லை என்று கம்பெனி கைவிரித்துவிடும். சாயங்காலத்துக்குள் சரியான பேப்பர் வராவிட்டால் படகை எடுக்கப் போவதில்லை என்றார் அண்ணன். தடைக்காலம் முழுக்க அவர் வீட்டிலும் அவரோடு போகிறவர்கள் வீட்டிலும் அடுப்பு அரைகுறையாகத்தான் எரிந்திருந்தது. முதலாளி உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மெயிலின் மெனுவுக்குள் மெனுவாக இறங்கித் தேடினேன். கடைசியில் நான் சேர்த்த வார்த்தைகள் மொத்தமும் ஒரு பெட்டிக்குள் வரிசையாக நின்றன. அதில் எழுத்து குறைந்த ஜெபமாலையும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. "கண்டுபிடிச்சிட்டேன் அண்ணே, இதை அழிச்சிட்டா சரியாயிடும்" என்றேன்.

அண்ணனின் முகம் மாறிவிட்டது. "இன்னாம்மா பேசற? நாளிக்கி கடலுக்குப் போற போட்டு. அதும் பேரைப் போயி அழிக்கிறன்ற?"

தடைக்காலத்தில் படகைச் சுரண்டிப் புது பெயின்ட் அடிப்பார்கள். பெயரை மட்டும் சுரண்ட மாட்டாராம். பழைய எழுத்தின் மேலேயேதான் புதுசை எழுதுவாராம். இது வெறும் எழுத்துப் பிழை விவகாரம் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சகாயம் அக்காதான் தீர்ப்புச் சொன்னார்.

"மொதல்ல நல்ல பேரைப் போடு. அப்பால கெட்டதை எடு. பேரே இல்லாம போட்டு ஒரு நிமிசம்கூட நிக்காதுல்ல? போதுமாய்யா?"

அண்ணன் தலையாட்டினார். நல்ல பெயரைச் சேர்த்தேன். கெட்டதைத் தேர்ந்தெடுத்தேன். 'அழி', 'எல்லாவற்றையும் அழி' என்று இரண்டு பொத்தான்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அண்ணனின் மூச்சு என் காதில் பட்டுக்கொண்டிருந்தது. எதை அமுக்கினேன் என்று சொல்லவும் வேண்டுமா? நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் பாவம் ஒரு தடவை கேட்டது. அணைத்த கேஸையே திரும்பப் போய்ப் பார்க்கிறவள், அன்றைக்கு மட்டும் யோசிக்காமல் ஆமாம் என்றேன்.

பெட்டி வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது.

அண்ணன் குனிந்து பார்த்தார். "எல்லா போட்டும் எங்கம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

காசிமேட்டில் செய்தி காற்றைவிட வேகமாகப் போகும். சற்று நேரத்தில் படியெல்லாம் படகுக்காரர்கள். அவர்களில் ஒருவர், "அப்போ எம் போட்டு இப்ப இன்னா பேர்ல கீது?" என்று கேட்டார். மனதுக்குள் நான் ராஜினாமாக் கடிதம் எழுத ஆரம்பித்திருந்தேன். (அதிலும் சிவப்புக் கோடு வருமே என்ற கவலை வேறு.) முதலாளி வெளியே வந்தார். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்.

"என்னம்மா செஞ்ச? தெருவே படியில நிக்கி."

நான் அகராதி, பிழை என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "வெளக்கம் வேண்டாம். ஒவ்வொண்ணா திரும்ப ஏத்து. மனசுல குறையோட ஒருத்தரும் கடல்ல எறங்கக் கூடாது."

முதலில் மரிய ஜெபமாலை. படகின் முகப்பைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தார் அண்ணன். எழுத்து எழுத்தாக அவர் சொல்ல, நான் அடித்தேன். சிவப்புக் கோடு வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அதை அழிக்கத் துடிக்காமல், படத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் சேர்த்தேன். மெயில் போனது. முதலாளி போன் போட்டு நச்சரித்ததில், ஆபீஸ் மூடுவதற்குள் திருத்திய பாலிசியும் வந்துவிட்டது. அண்ணன் அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மற்றவர்களைச் சகாயம் அக்கா வரிசையில் நிறுத்தினார். ஒவ்வொருவரும் போனில் படத்தைக் காட்டினார்கள். அப்படி ஒத்துப் பார்த்ததில், நான் முன்பு அனுப்பியிருந்த வேறு சில பெயர்களிலும் தப்பு இருந்தது தெரிந்தது. அவர்களுக்கும் திருத்தச் சொல்லி அன்றே மெயில் அனுப்பினேன். நடுவில் என் போன் அடித்தது. பெரம்பூர் ரயில்வே ஒர்க் ஷாப்பிலிருந்து வீடு திரும்பியிருந்த என் கணவர். எனக்குக் கை ஓயவில்லை. சகாயம் அக்காவே எடுத்தார். "உம் பொண்டாட்டி இங்க போட்டுக்கெல்லாம் பேர் வச்சிகினு கீது நைனா. கொழந்தைய நீ பாத்துக்கோ."

படகுகள் கடலுக்குப் போயின. நல்லபடியாகத் திரும்பின. அண்ணன் ஒரு முழு வஞ்சிரம் அனுப்பியிருந்தார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வருடம் தடைக்காலம் முடியப்போகும்போது, நான் கூப்பிடாமலே படியேறி வந்தார்கள். பேரைப் புதுசாகப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். போன வருடம் போட்ட பிறகுதான் மீன் நன்றாகப் பட்டதாம். போட்டது போட்டபடியே பத்திரமாக இருக்கிறது என்றேன். முதலாளி உள்ளிருந்து செருமினார். நான் டைப் அடிக்க ஆரம்பித்தேன். ஒரு அக்கா மானிட்டருக்கு ஒரு முழம் மல்லிகை சாத்தினார்.

இப்போது அது வருடா வருடம் நடக்கிறது. படகின் படத்தோடு ஒத்துப் பார்த்து, அவர்கள் கண் முன்னால் பெயரை அடித்துக் காட்டுகிறேன். அன்றைக்கு வீட்டுக்குப் போக நேரமாகிவிடும். மற்ற நாட்களில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பஸ் மாட்டிக்கொண்டு தாமதமானாலும், என் கணவர் போனில் கேட்பது ஒரே கேள்விதான்.

"இன்னா, ஞானஸ்நானம் முடிஞ்சுதா?"

"இன்னும் மூணு குழந்தை பாக்கி இருக்கு. நீங்க சாப்பிடுங்க" என்பேன்.