காற்றை மறந்து ஓடியவன்

பனி கரைந்து ரோடு தெரிந்ததுமே தீர்மானித்துவிட்டேன். இனி ஓடினால் வெளியேதான்! குளிர்காலம் முழுக்க பேஸ்மென்டில் டிரெட்மில் மேல் தினம் பத்து கிலோமீட்டர் ஓடியவன் நான். கனடாவின் இந்த சஸ்காச்சுவான் மாகாணத்திலேயே இவ்வளவு ஓடியும் வீட்டைத் தாண்டாதவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் மனைவி லுபா சாப்பாட்டு மேசையில் போர்வை தைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது.

"வெளிய ஓடப்போறீங்களா? அப்ப அந்த மெஷினைத் தள்ளிவிட்டுட்டு, கீழ என் தையலை வச்சுக்கறேன்."

"அதெப்படி? நவம்பர்ல மறுபடி வேணுமே!"

"அதுல ஓடுறது ஓட்டமா? பட்டை ஓடுது, நீங்க விழாம இருக்கீங்க."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எவ்வளவு தூரம்னு நீயே சொல்லு. போயிட்டு ஓடியே திரும்பி வரேன். வந்தா மெஷினைப் பத்தி நீ வாயே திறக்கக் கூடாது."

"வராட்டி?"

"தூக்கிக் குடுத்துடு!"

லுபா கோதுமை வயலில் பிறந்து வளர்ந்தவள். ஜன்னல் வழியாகக் கொடியில் ஆடும் துணிகளை ஒரு பார்வை பார்த்தாள். "கிழக்கால, தானியக் கிடங்கு வரைக்கும். அஞ்சு கிலோமீட்டர்தான்."

ஓடினேன் என்று சொன்னால் தப்பு. பறந்தேன்! கால் தரையில் படவே இல்லை. இருபத்தைந்து நிமிடத்தில் கிடங்குச் சுவரைத் தட்டிவிட்டுத் திரும்பினேன்.

முகத்தில் பளாரென்று ஓர் அறை. மேற்குக் காற்று! இவ்வளவு நேரம் முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்ததே அதுதான். பேஸ்மென்டில் காற்று ஏது? அப்படி ஒன்று இருப்பதையே மறந்துபோயிருந்தேன். தொப்பி பறந்தது. பத்து நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடினேன். கிடங்கு என்னை விட்டுப் பிரிவதாகவே இல்லை.

அப்போது ஊர்ப்பக்கமிருந்து பக்கத்து வீட்டு ஓரஸ்ட்டின் ட்ரக் வந்து நின்றது. பின்னால் ஏதோ சாமானைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தான்.

"என்னப்பா வால்ட்டர், ஏறிக்கிறியா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்னய்யா இருக்கு?" தாவி ஏறினேன். "ஆனா தெருமுனையிலயே இறக்கிடு. லுபாகிட்ட மூச்சு விடாதே."

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்?" என்று சிரித்தபடி வண்டியை ஊர்ப்பக்கம் திருப்பினான்.

தெருமுனையில் இறங்கினேன். தேங்கியிருந்த பனித்தண்ணீரை அள்ளி நெற்றியில் தெளித்து வியர்வை தயார் செய்துகொண்டேன். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, வீட்டு வாசல்வரை சிங்கநடை போடாமல் சிங்க ஓட்டமாகவே ஓடினேன்.

"பாத்தியா? போயிட்டு ஓடியே வந்துட்டேன்!"

லுபா சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டு வைத்து, சுடச்சுடப் பெரோகிக் கொழுக்கட்டை பரிமாறிக்கொண்டிருந்தாள். மேசைமேல் ஒரு நூல்துண்டுகூட இல்லை.

"உக்காருங்க. ஓரஸ்ட்டை அனுப்பினதே நான்தான். நீங்க ஏறலைன்னா மெஷினைத் திருப்பி இறக்கு, ஏறிட்டா உன் வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுன்னு சொல்லியிருந்தேன்."