தாய்மாமன் சீரும் பின்கதவுக் கண்ணாடியும்

"ரப்பர் செத்துப்போச்சி. அவ்ளோதான்," என்றார் கமலக்கண்ணன், தன் பழைய வேனின் பின்கதவுக் கண்ணாடியைத் தட்டிப் பார்த்து. முந்தின நாள் மழையில் வண்டியின் பின்பக்க விரிப்பு நனைந்திருந்தது. கண்ணாடியின் கீழ் விளிம்பில் இன்னும் நீர் கசிந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தவளக்குப்பத்தில் அவர் தங்கை மகள் ஹேமலதாவுக்குக் கல்யாணம்.

"வாடகைக் கார் சொல்லிடலாங்க," என்றாள் மனைவி பாக்கியலட்சுமி.

"தாய்மாமன் சீரு வாடகை வண்டியில போவுமா? எங்க பரம்பரையிலயே மொத வண்டி வாங்கினவன் நானு."

கடைக்குப் போய்ப் புது ரப்பர் வாங்கி, தானே மாட்டினார். அடுத்த மழைக்குப் பிறகு விரிப்பைப் பிழிந்தார்கள். ஒரு சொம்பு தண்ணீர் வந்தது.

"முன்ன இவ்ளோ இல்லியே," என்றாள் பாக்கியலட்சுமி.

"புது ரப்பர். படியறதுக்கு நாளாவும்."

படியவில்லை. கண்ணாடியைச் சுற்றி விரல் தடிமனுக்குப் பசை பூசினார். மறுமழையில் வண்டிக்குள் அவருடைய செருப்பு மிதந்தது.

எதிர்வீட்டு தெயோ, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர், குடையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஒரு மெக்கானிக்கக் கூப்பிடேன்ப்பா."

"எதுக்கு மெஸ்யே? நோவு எங்கன்னு நமக்கே தெரியுது. டாக்டர் எதுக்கு?"

சனிக்கிழமை பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிப் பின்கதவைச் சுற்றி, அடிவிளிம்பையும் விடாமல் ஒட்டினார். கதவைச் சாத்த தெயோவும் சேர்ந்து முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு தெருவே பார்க்க, கண்ணாடிமேல் வாளி வாளியாகத் தண்ணீரை வீசினார். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

"பிராவோ," என்றார் தெயோ. கமலக்கண்ணன் அன்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் பின்னால் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, பித்தளைக் குடம் எல்லாம் ஏறின. சீர்ப் புடவையைப் பாக்கியலட்சுமி மடியில் வைத்துக்கொண்டாள். அரியாங்குப்பம் பாலம் தாண்டியதும் மழை கொட்டியது. கமலக்கண்ணன் பாட்டு முணுமுணுத்தபடி ஓட்டினார்.

"பின்னால என்னமோ தளும்புதுங்க."

"தேங்கா உருளுது. நீ கம்முனு வா."

கல்யாண வீட்டு வாசலில் மேளம் நின்றது. சொந்தக்காரர்கள் கூடினார்கள். மாமன் வண்டியைப் பார்க்க மணப்பெண்ணே மாலையோடு ஓடி வந்தாள். கமலக்கண்ணன் நெஞ்சை நிமிர்த்தி, பின்கதவை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தார்.

தண்ணீர் மடை உடைத்தது. வெற்றிலை முதலில் வந்தது. பின்னாலேயே தேங்காய்கள் வரிசையாக இறங்கிப் பந்தலுக்குள் போயின.

பட்டுவேட்டி முழங்கால்வரை நனைந்து நின்ற கமலக்கண்ணன், "கண்ணாடி வழியா ஒரு சொட்டுகூட உள்ள வரலியே," என்றார்.

ஹேமலதா வண்டிக்குள் தலையை நீட்டி மேலே பார்த்தாள். கூரையிலிருந்து ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது.

"அது வழியா எப்பவுமே வந்திருக்காது மாமா. கூரையில ஒழுவுற தண்ணி அது வழியாத்தான் இத்தினி நாளா வெளிய போய்க்கிட்டிருந்துச்சி."