இந்த சீட்டில் இதற்கு முன்னால் யார்?

விருத்தாசலம் வட்டாரத்தில் வேலை கேட்டுப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். போன இடத்தில் முதலாளிக்கே இன்டர்வியூ வைத்துவிட்டு, "யோசிச்சு சொல்றேங்க" என்று எழுந்து வந்தவன் ஒருத்தன்தான். அவன் பெயர் என்கொயரி.

அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. அதைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை, யாரும் கூப்பிட்டுக் கேட்டதும் இல்லை. எங்கள் ஜங்ஷனில் ஒரு என்கொயரி கவுண்டர் உண்டு. அங்கே ஜனங்கள் கேட்பார்கள், உள்ளே இருப்பவர் பதில் சொல்வார். இவன் விஷயத்தில் அது தலைகீழ். இவன் கேட்பான், ஊரே பதில் சொல்ல வேண்டும். அதுவும் ஒரே கேள்விதான்: எனக்கு முன்னால் யார்?

சாப்பாட்டுக் கடைக்குப் போனால் உள்ளே நுழைய மாட்டான். சாப்பிட்டுவிட்டு வெளியே வருகிறவரை நிறுத்தி, "சாம்பாரு எப்படிங்க இருந்துச்சு?" என்பான். சலூனில் முடி வெட்டிக்கொண்டு எழுந்தவரின் பின்னந்தலையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவான். ஒரு தடவை நல்லூர் பக்கம் பெண் பார்க்கப் போனான். பெண்ணைப் பிடித்துப் போயிற்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பெண்ணின் மாமாவைப் பார்த்து, "இதுக்கு முன்னாடி வந்து பாத்துட்டுப் போன மாப்ள எந்த ஊருங்க? நம்பரு இருக்குதுங்களா?" என்று கேட்டான். அப்போது அவன் தட்டில் ஒரு பஜ்ஜி மிச்சம் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவன் வீடு கம்மாபுரம் பக்கம். சுரங்கத்துக்கு நிலம் எடுப்பது பற்றிப் பேச ஆட்கள் வந்தபோது ஊரில் ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். இவன் மட்டும், "ஏற்கெனவே குடுத்துட்டுப் போனவங்க இப்ப எங்க இருக்காங்க? அட்ரஸ் குடுங்க, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்" என்றானாம். வந்தவர்கள் நோட்டில் குறித்துக்கொண்டு போனார்கள்.

இப்படிப்பட்டவனோடு சேர்ந்து நான் முதல் லாரிக் கம்பெனி தேடப் போனேன் என்பதுதான் என் தலையெழுத்து. நாங்கள் இரண்டு பேரும் ஒரே டிரைவிங் ஸ்கூலில், ஒரே ஓட்டை லாரியில் ஹெவி வண்டி ஓட்டக் கற்றவர்கள். ஒரே நாளில் லைசென்ஸ் வாங்கினோம். அதற்கு முன்னால் நான் பீங்கான் கம்பெனியில் ஊறுகாய் ஜாடிக்கு அச்சில் களிமண் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆர்டர் குறைந்து, மாதத்தில் பாதி நாள் சூளை எரியாமல் போனதும் விட்டுவிட்டேன்.

என் மனைவி செல்வி நல்லவள், ஆனால் கெடு வைத்தால் வைத்ததுதான். அவள் அண்ணன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு இடம் பார்த்து வைத்திருந்தார்.

"என்னாங்க, ஆடி பொறந்துட்டா புது வேலையில சேரக் கூடாது. அப்புறம் ஆவணிதான். அதுவரைக்கும் எங்க அண்ணன் அந்த எடத்தைப் புடிச்சி வெச்சிகிட்டு இருக்க மாட்டாரு. ஆனி முடியறதுக்குள்ள ஸ்டியரிங்கு கையில வந்தா இங்க இருப்போம். வரலன்னா புள்ளையத் தூக்கிகிட்டு மூணு பேரும் திருப்பூரு. சரிதான?"

சரி என்றேன். அப்போது ஆனி பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

முதல் கம்பெனி பஸ் ஸ்டாண்டு பக்கம். புது வண்டிகள், சீட்டில் பாலிதீன் கவர்கூடப் பிரிக்கவில்லை. முதலாளி வாய் நிறையத் தம்பி என்றார், காபி வாங்கிக் கொடுத்தார். லைசென்ஸ் கேட்டார். ஒரிஜினல் கார்டை எடுத்து நீட்டிவிட்டேன். அவர் அதை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். அடுத்து என்கொயரி பக்கம் கையை நீட்டினார்.

"இந்த சீட்டுல இதுக்கு முன்னாடி யாருங்க இருந்தாங்க?" என்றான் இவன்.

"ஊருக்குப் போயிட்டான்பா."

"எந்த ஊருங்க?"

முதலாளிக்கு இருமல் வந்துவிட்டது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி இவன் எழுந்துவிட்டான். வெளியே வந்து வாசலில் நின்ற லோடுமேனிடம் ஊரைத் தெரிந்துகொண்டான். என் பைக்கிலேயே என்னை உட்கார வைத்து நல்லூருக்கு ஓட்டிப் போனான்.

முந்தின டிரைவரின் வீட்டில் அவர் மனைவி, "அவரு இல்லீங்க, வெளியூரு போயிருக்காரு" என்றார். சொல்லும்போதே கொல்லையில் வைக்கோல் போருக்குப் பின்னால் தும்மல் சத்தம். என்கொயரி வைக்கோல் போரை இடப்பக்கமாகச் சுற்றினான், பின்னால் இருந்தவரும் இடப்பக்கமாகவே சுற்றினார். நான்கு சுற்று ஆனதும் நான் வலப்பக்கமாகப் போய் மறித்தேன். மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் திரும்பி வர மாட்டேன்னு சொல்லிடுங்க. லைசென்ஸ அவரே வெச்சிக்கட்டும்."

 அவர் சொன்ன விஷயம் இதுதான்: அங்கே தூங்க விடாமல் ஓட்டச் சொல்வார்கள், மாட்டேன் என்றால் கார்டு பீரோவை விட்டு வராது. போனில் காட்டினால் போதும் என்று சட்டம் சொல்லலாம். கார்டைக் கையில் பார்க்காமல் வேறு எந்த முதலாளியும் சாவி கொடுக்க மாட்டார். அதாவது அந்த பீரோவுக்குள் என் கார்டு மட்டும் இல்லை, நானும் செல்வியும் பிள்ளையும் இருந்தோம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு என்கொயரி அந்த ஆபீசுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தான். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். அவன் சண்டை போடவில்லை, கார்டைக் கேட்கவும் இல்லை. சரக்கு புக் பண்ண ஒருத்தர் வந்தார். "நீங்க இதுக்கு முன்னாடி இங்க லோடு போட்டிருக்கீங்களா? போட்டவங்க யாரையாச்சும் கேட்டீங்களா?" என்றான். அவர் யோசித்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார், வரவில்லை. டயர்காரர் வந்தார், அவரிடமும் அதே கேள்வி. பதினோரு மணிக்கு வேலை கேட்டு ஒரு புது டிரைவர் வந்தார். "நல்லூருல ஒருத்தரு இருக்காருங்க. வைக்கோல் போருக்குப் பின்னால தேடுங்க, வலப்பக்கமா போங்க" என்றான்.

முதலாளி இடுப்பிலிருந்து சாவியை உருவினார். இரண்டு நிமிடம் பீரோவைக் குடைந்தார்.  கார்டை மேசையில் போட்டு, "ரெண்டு பேரும் எழுந்து போயிடுங்க" என்றார். வெளியே வந்து அதைச் சட்டைப்பையில் வைத்துப் பட்டனையும் போட்டேன். 

இரண்டாவது கம்பெனி சேலம் ரோட்டில். அங்கே முந்தின டிரைவரை முதலாளியே கூட்டி வந்து நிறுத்தினார். அவர் குறை ஒன்றுமே சொல்லவில்லை. வண்டி பூ மாதிரி, சம்பளம் பொழுது விடிந்தால் கையில், முதலாளி தெய்வம் என்றார். எனக்கு அப்போதே சேர்ந்துவிட வேண்டும் போல இருந்தது. என்கொயரி தெருமுனை வரைக்கும் போய் வந்தான்.

"மாப்ள, அவரு முதலாளியோட தங்கச்சி வூட்டுக்காரரு. லாரியில ஏறுனதே இல்லியாம். வா போவலாம்."

அங்கேயே ரோட்டில் வைத்து அவனைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு என்னாடா, தனிக்கட்டை. எனக்கு இன்னும் பத்து நாளுதான் இருக்குது. கேட்டுகிட்டே இருந்தா எவன்டா வேலை குடுப்பான்? நீ கேள்வி கேட்டே கெழவனாயிடுவ."

அவன் பைக் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் போய்விட்டான். ஐந்து நாள் பேச்சு இல்லை. அந்த ஐந்து நாளும் நான் தனியாக ஏறி இறங்கியதில், ஒரு இடத்தில் அனுபவம் இல்லை என்றார்கள், இன்னொரு இடத்தில் வண்டியே இல்லை என்றார்கள்.

ஆறாம் நாள் அவனே போன் பண்ணினான். "இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல ஒரு அக்கா நாலு லாரி வெச்சிருக்காங்க. பீங்கான் லோடு மட்டும்தான். முந்தின டிரைவருக்குக் கண்ணு ஆபரேஷன், அதனால நின்னுட்டாரு. தெனம் அங்கேயே வந்து டயரு மேல உக்காந்திருக்காரு. நின்ன கம்பெனிக்கே ஒருத்தரு தெனமும் வராருன்னா பாத்துக்கயேன். வா."

போனேன். கறுப்புக் கண்ணாடி போட்ட அந்த மனிதரை என்கொயரி இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டான். அக்கா குறுக்கே வரவில்லை. "நல்லா கேளு. மறைக்க ஒண்ணும் இல்ல" என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

"வண்டி பழசு தம்பி. அக்கா வாயி பொல்லாது" என்றார் அவர். "ஆனா தூக்கம் வருதுன்னு போன் பண்ணா, ஓரங்கட்டித் தூங்குப்பா, ஜாடி எங்கயும் ஓடிப் போயிடாதுன்னு சொல்லும்."

என்கொயரி என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினான். அவன் ஒரு கம்பெனிக்குச் சரி சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு சிக்கல்: சீட்டு ஒன்று, நாங்கள் இரண்டு பேர்.

அக்கா சோதனை வைத்தார். வைக்கோல் சுற்றிய ஊறுகாய் ஜாடி லோடோடு எஸ்டேட் கேட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். வந்ததும் ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்ப்பார். கேட்டுக்கு வெளியே எருமை படுத்த மாதிரி ஒரு வேகத்தடை. முதலில் நான் ஏறினேன். ஆடிக்கு நான்கு நாள் என்பதைத் தவிர என் மண்டையில் வேறு ஒன்றும் இல்லை. வேகத்தடையைப் பார்த்ததும் கியரை மாற்றப் போனேன், மூன்றாவது கியர் சிக்கிக்கொண்டது, வண்டி அப்படியே ஏறிக் குதித்தது. பின்னால் வந்த சத்தத்தைப் பற்றி எழுத விருப்பமில்லை. எட்டு வருடம் ஜாடி செய்த கைக்கு அது என்ன சத்தம் என்று நன்றாகத் தெரியும். பெட்டியில் மூன்று ஜாடிக்குக் கழுத்து இல்லை.

என்கொயரி போய்த் திரும்பி வந்தான். பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. வேலை அவனுக்கு.

நன்றாக இரு என்று கை கொடுத்தேன். வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன். வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். அவள் பரணில் இருந்து பெரிய பையை இறக்கித் தூசி தட்டினாள். மூன்று நாள் அந்தப் பை கொஞ்சம் கொஞ்சமாக நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பாத்திரம் போயிற்று, பிள்ளையின் சட்டை போயிற்று, கடைசியில் காலண்டரும் போயிற்று.

ஆனி கடைசி நாள் காலையில் அக்காவிடமிருந்து போன். "தம்பி, உன் கூட்டாளி வேணான்னுட்டுப் போயிட்டான். மூணு ஜாடி போனா போவுது, இன்னைக்கே வந்து வண்டிய எடு. நாளைக்கு ஆடி."

ஓடியிருக்க வேண்டும். ஆனால் ஒரு மாதம் அவனோடு சுற்றிய பாவம், வாய் தானாகக் கேட்டது. "அக்கா, முந்தின டிரைவரு ஏன் நின்னுட்டாரு?"

"அதை அவனையே போய்க் கேளு. சாயந்திரத்துக்குள்ள வந்துடு."

கம்மாபுரம் ரோட்டில் அன்றைக்கு நான் ஓட்டின ஓட்டத்தை அக்கா பார்த்திருந்தால் வேலை கொடுத்திருக்க மாட்டார். அந்த வண்டியில் ஏதோ பெரிய கோளாறு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவன் விடுவானா? இதையும் வேண்டாம் என்பான், ஆடி பிறந்துவிடும், பை திருப்பூருக்குப் போய்விடும். வாசலில் தன் மொபெட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வேலைய எதுக்குடா விட்ட?"

என்கொயரியை யாராவது என்கொயரி பண்ணி நான் பார்த்ததில்லை. மனிதன் திணறிப் போனான். கையிலிருந்த செயினை மூன்று தடவை துடைத்தான்.

"சீட்டு ஒத்துக்கல. முதுகு வலி."

"மூணு நாள்லயா?"

"எனக்கு சீக்கிரம் வலிக்கும்."

"வேற என்னா கோளாறு? மறைக்காம சொல்லு."

"ஒண்ணும் இல்ல. வண்டி லேசா இடதுபக்கம் இழுக்கும். மூணாவது கியரு மொத தடவ விழாது, அழுத்தாத, ரெண்டாவது தடவ தானா விழும். கேட்டாண்ட வேகத்தடையில ஃபர்ஸ்ட் கியருல ஒவ்வொரு சக்கரமா எறக்கு. பாதி ராத்திரியில எழுப்பிக் கேட்டாலும் இந்த மூணையும் நீ சொல்லணும். அக்கா திட்டுனா எதுத்துப் பேசாத." செயினைக் கீழே வைத்தான். "திருப்பூருக்கு டிக்கெட்டு போட்டுட்டியா? போட்டிருந்தா கேன்சல் பண்ணிடு."

"உனக்கு யாரு சொன்னா?"

"நேத்து சாயந்திரம் உன் வூட்டுக்கு வந்தேன், நீ கடைக்குப் போயிருந்த. தங்கச்சிகிட்ட கேட்டேன். காலண்டரக்கூடக் கழட்டி வெச்சிடுச்சாமே."

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன்.  என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அவன் அதற்குள், "மணி ஆவுது, போ. ஆடி பொறந்துடப் போவுது" என்று என் பைக்கை உதைத்து ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்துவிட்டான்.

அவனுக்கு ஆவணியில் வேறு கம்பெனி கிடைத்தது. சேருவதற்கு முன்னால் பதினோரு பழைய டிரைவர்களைப் பார்த்துப் பேசினானாம். இப்போதும் எங்காவது ஓரங்கட்டினால் போன் பண்ணுவான், மூன்றாவது கியர் எப்படி இருக்கிறது என்று கேட்பான். கல்யாணம் மட்டும் ஆகவில்லை. அந்தக் கேள்வியை விட்டுத் தொலை என்று செல்வி சொல்லிப் பார்த்துவிட்டாள்.

ஐந்து வருடமாக அந்த சீட்டில்தான் உட்காருகிறேன். ஹைதராபாத் வரைக்கும் போய் வந்திருக்கிறேன். ஒரு நாள்கூட எனக்கு முதுகு வலித்ததில்லை.