கரடி வைத்துக் கொடுத்த வெள்ளரிக்காய்

ஒரு விடுகதை, மதிவதனி. சாப்பிட்டால் வாசலில் மாட்டிக்கொள்வான். சாப்பிடாவிட்டால் வாசலிலேயே நிற்பான். அவன் யார்?

தெரியாதா? பக்கத்து வீட்டிலிருந்து வந்த பாதுஷாத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேள்.

ஒரு காட்டில் சடையன் என்ற கரடி இருந்தது. போன தீபாவளிக்கு வந்த பலகாரத்தையெல்லாம் தின்றுவிட்டு அது தன் குகைக்குள் நுழையப் பார்த்தது. தலை போனது. வயிறு போகவில்லை. அடைமழை முடியும்வரை முன்பாதிக் கரடி உலர்ந்தும் பின்பாதிக் கரடி நனைந்தும் இருந்தது. பின்பாதியில் தவளைகள் குடியேறின.

அதனால் இந்த வருஷம் முன்கூட்டியே கொக்கு டாக்டரிடம் போனது.

"சர்க்கரையை விடு. மைதாவை விடு. மழைக்குள் வாசலுக்கு அடங்கிவிடுவாய்" என்றார் டாக்டர்.

"தீபாவளி முடிந்ததும் விடலாமா, டாக்டர்?"

"எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள். அடுத்த ஆளை வரச் சொல்."

கரடி வீட்டிலிருந்த சர்க்கரையை எறும்புகளுக்கும் மைதாவை மீன்களுக்கும் கொடுத்துவிட்டது. வெள்ளரிக்காயாகத் தின்று இளைத்தது.

தீபாவளியன்று பக்கத்து வளை முயல் வெள்ளையம்மா ஒரு தட்டு பாதுஷா கொண்டுவந்தது.

"நான் சர்க்கரை, மைதா ரெண்டையும் விட்டுட்டேன் தங்கச்சி."

"நல்ல நாளும் அதுவுமா வேண்டாம்னு சொல்லாதீங்கண்ணே. வாங்கி வைங்க."

வாங்கி வைத்தது. அந்தக் காட்டில் பலகாரம் வந்த தட்டை வெறுமனே திருப்பித் தரக் கூடாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தர வேண்டும். கரடி வீட்டில் ஏது சர்க்கரை? ஒரு வெள்ளரிக்காயை வைத்துக் கொடுத்தது.

முயல் நேராக நரியிடம் போனது.

"பாருங்க, வெள்ளரிக்காய். வீட்ல ஒரு பிடி சர்க்கரைகூட இல்ல போலிருக்கு."

"சர்க்கரைய விட்டுட்டேன்னு என்கிட்ட சொன்னாரே" என்றது நரி.

"இல்லாதவங்க வேற எப்படிச் சொல்லுவாங்க? ஆளு எப்படி இளைச்சுட்டார், பாத்தீங்களா?"

நரிக்கும் அப்போதுதான் உறைத்தது. காட்டு வாட்ஸப் குரூப்பிலிருந்து முதலில் கரடியை நீக்கியது. பிறகு எழுதியது: 'சடையன் அண்ணன் வீட்டில் கஷ்டம். ஆளுக்கு இரண்டு தட்டு அனுப்பவும். அவரிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டாம். மனசு சங்கடப்படுவார்.'

சோமாசி வந்தது. ஜாங்கிரி வந்தது. மைசூர்பாகு அண்டாவில் வந்தது. ஒவ்வொரு தட்டும் ஒரு வெள்ளரிக்காயோடு திரும்பிப் போனது. அதைப் பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் இரண்டு தட்டு அனுப்பினார்கள். நல்ல நாள் பலகாரத்தைத் தூக்கியெறிய மனம் வராமல் கரடி எல்லாவற்றையும் குகைக்குள் தள்ளியது. வாசனை ஆளை அசைத்ததால், தான் மரத்தடியில் படுத்துக்கொண்டது.

மழை வந்தது.

கரடி குகைக்கு ஓடியது. தலை போனது. வயிறும் போகும்போல இருந்தது. ஆனால் மூக்கு மைசூர்பாகில் இடித்தது. பின்னால் சோமாசி. அதற்கும் பின்னால் கூரைவரை ஜாங்கிரி.

குடை பிடித்துக்கொண்டு வந்த வெள்ளையம்மா கேட்டது: "ஏண்ணே நனையறீங்க? உள்ள போக வேண்டியதுதானே?"

"எங்க போறது? இடமில்ல."

"வழியில இருக்கறத எடுத்துச் சாப்பிட்டா இடம் வந்துட்டுப் போகுது."

கரடி தும்மியது. டாக்டரை நினைத்துப் பார்த்தது. மழையையும் பார்த்தது. காலில் ஒரு தவளை ஏறியது. முதல் மைசூர்பாகை எடுத்தது.

இருட்டுவதற்குள் தின்றுகொண்டே போய்க் கடைசிச் சுவரைத் தொட்டுவிட்டது. நனையாமல் தூங்கியது. மழை விட்டபிறகு வெளியே வர முடியவில்லை.

வாசல் வழியாக எட்டிப் பார்த்த முயல், "இப்பத்தான் ஆளு பாக்க நல்லா இருக்கார்" என்றது.

நீதி: இளைத்து வெளியே நனைவதைவிடப் பெருத்து உள்ளே மாட்டிக்கொள்வது மேல்.

கதை முடிந்தது. பாதுஷாவா, வெள்ளரிக்காயா என்று மதிவதனியிடம் கேட்டதில் வெள்ளரிக்காய் என்றாள். அதைப் பக்கத்து வீட்டுத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கப் போனாள்.