என் மாப்பிள்ளையைத் திருப்பிக் கொடுங்கள்

ஹால்ட்பி,
லிங்கன்ஷயர்.
11 ஏப்ரல் 2019

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை ராடெக் அவர்களுக்கு,

மாமனார் கிளிஃபோர்ட் ஸ்டெய்ன்டன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியார் பெரிலும் நலம். என் வலது முழங்கால் மட்டும் நலமில்லை. அது நம் பாராளுமன்றம் மாதிரி, மடங்கவும் மாட்டேன் நிமிரவும் மாட்டேன் என்று நிற்கிறது. அங்கே போலந்தில் நீங்களும் என் மகள் லோர்னாவும் பேத்தி ஹான்யாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவனுக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பயணிகள் கொடுத்த புகார்களுக்கு விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். அதிலெல்லாம் தப்பு என் பேரில் இல்லை என்று எழுதுவது சுலபமாக இருந்தது. இந்தக் கடிதத்தில் அப்படி எழுத வழியில்லாததால் காலையிலிருந்து முதல் வரியிலேயே நிற்கிறேன்.

ஜனவரி மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே தொடங்குகிறேன். பிரதமர் கொண்டுவந்த வெளியேறும் ஒப்பந்தத்தைப் பாராளுமன்றம் தூக்கி எறிந்த வாரம் அது. மேசையில் ரோஸ்ட் இறைச்சி இருந்தது, உருளைக்கிழங்கு இருந்தது, நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட எல்லா வசதியும் இருந்தது. நீங்கள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "மாமா, மார்ச் இருபத்தொம்பதோட ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளிய போயிடுவோம்ங்கறாங்க. மறுநாள் காலைல நான் டிப்போவுக்கு வேலைக்குப் போலாமா, கூடாதா?" என்று கேட்டீர்கள். நான் உடனே, "உங்களை யாரு மாப்பிள்ளை போகச் சொன்னா? நாங்க சொன்னது மத்தவங்கள" என்றேன். நீங்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எந்த மத்தவங்க மாமா?" என்றீர்கள். அந்த இடத்தில் ஒரு மனிதன் சொல்லக்கூடியவை எத்தனையோ இருந்தன. நான் சொன்னது, "அந்தக் கிரேவியை இந்தப் பக்கம் தள்ளுங்க." லோர்னா எழுந்தாள். அவள் செய்து கொண்டுவந்திருந்த ஆப்பிள் பை பலகாரத்தை அடுப்பிலிருந்து அப்படியே தட்டோடு எடுத்துக்கொண்டு, கையில் பெரிலின் அடுப்புக் கையுறையோடு, காரில் போய் உட்கார்ந்தாள். மூன்று வாரத்தில் தோருன் ஊர் டிராம் டிப்போவில் உங்களுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தது. அந்தக் கையுறையைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

வெளியேற வேண்டும் என்று ஏன் ஓட்டுப் போட்டேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை. நானே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் சினிமாக் கொட்டகையை மூடினார்கள், பாங்கை மூடினார்கள், நான் பதினெட்டு வருடம் ஓட்டிய துறைமுக வழித்தடத்தை ஒரே ஒரு நோட்டீஸ் ஒட்டி நிறுத்தினார்கள். எதற்கும் யாரும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திடீரென்று 2016-இல் கேட்டார்கள். என்ன கேட்கிறார்கள் என்று நான் சரியாகக் கவனிக்கவில்லை மாப்பிள்ளை. கேட்கிறார்கள் என்பதே பெரிதாக இருந்தது. வாக்குச்சாவடியில் பென்சில்தான் கொடுப்பார்கள், அதை அவர்களே அழித்துவிடுவார்கள் என்று டெஸ்மண்ட் சொன்னான். அவனை உங்களுக்குத் தெரியும், எங்கள் பப்பில் டார்ட்ஸ் அம்பெறியும் குழுவின் தலைவன். அவன் பேச்சைக் கேட்டு வீட்டிலிருந்து பேனா எடுத்துப்போய் அழுத்திப் போட்டுவிட்டு வந்தேன். அந்தச் சீட்டில் உங்கள் பெயர் இல்லை. இருந்திருந்தால் யோசித்திருப்பேன். என் பழைய பஸ்ஸின் கியர்பெட்டிக்குக் கீழே பனியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "இன்னொரு தடவை போட்டுப் பாருங்க சார்" என்று கத்திய மெக்கானிக் பையனை, குளிரில் நடுங்குகிறானே என்று டீ குடிக்க வீட்டுக்குக் கூட்டிவந்தவனே நான்தான். அன்றைக்கு லோர்னா கதவைத் திறந்தாள். பாக்கி உங்களுக்குத் தெரியும். அந்தப் பையனுக்கும் இந்த ஓட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது எனக்கு மூன்று வருடம் கழித்து, நீங்கள் சாமான் கட்டும்போதுதான் உறைத்தது.

நீங்கள் போனபிறகு வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. மார்ச் முதல் வாரம் நூலகத்தில் நம் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர் மக்களைப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். எனக்கு முன்னால் ஒரு அம்மாள், பக்கத்து வீட்டு வேலி பற்றி இருபது நிமிடம் பேசினாள். என் முறை வந்ததும், "ஐயா, எப்பத்தான் முடிவு பண்ணுவீங்க? என் மாப்பிள்ளை ஊரை விட்டே போயிட்டாரு" என்றேன். அவர் கனிவாக, "நீங்க வெளியேறணும்னுதானே ஓட்டுப் போட்டீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "நானும் அந்தக் கட்சிதான். அதனாலதான் எதிர்த்து ஓட்டுப் போட்டேன்."

"எதை எதிர்த்து?"

"வெளியேறுறதுக்கான ஒப்பந்தத்தை."

"வெளியேறணும்னா எதுக்கு அதை எதிர்த்தீங்க?"

"அது சரியா வெளியேறல. வெளியேற வேணாம்ங்கறவங்களும் எதிர்த்தாங்க."

"அவங்க ஏன்?"

"அது வெளியேறுதே, அதனால."

அடுத்த ஆள் வந்துவிட்டார். நான் வெளியே வந்து, என்ன கேட்க வந்தோம் என்பதையே மறந்து நின்றபோது, அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் கண்ணில் பட்டது. 'பாராளுமன்ற வாசலுக்கே போய்ச் சொல்வோம்! மார்ச் 23, சனிக்கிழமை. லண்டனுக்குத் தனிப் பேருந்து.' அதற்குக் கீழே பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. வாசிக்கும் கண்ணாடி வீட்டில். பெயரை எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை பேருந்தில் ஏறியதும் ஓட்டுநர் கியர் மாற்றும் லட்சணத்தைப் பார்த்து உள்ளுக்குள் திட்டிக்கொண்டே வந்ததில், பீட்டர்பரோ தாண்டும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களை நான் கவனிக்கவில்லை. கவனித்தபோது எல்லோர் தலையிலும் ஐரோப்பியக் கொடி மாதிரி மஞ்சள் நட்சத்திரம் போட்ட நீலத் தொப்பி. ஒரு நாய்க்குக்கூட நட்சத்திர ஸ்வெட்டர். நான் எதிர்க்கட்சிப் பேருந்தில் ஏறியிருக்கிறேன் மாப்பிள்ளை! வெளியேறவே கூடாது என்கிறவர்களின் பேருந்து. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாம் என்று எழுந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, தெல்மா பிக்வெல் என்று பெயர், நான் பசியில் எழுகிறேன் என்று நினைத்து ஒரு முட்டை சாண்ட்விச்சை என் கையில் வைத்துவிட்டாள். ஒருவர் கொடுத்த சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களுக்கு எதிராக ஓட்டுப் போட்டவன் நான் என்று எப்படிச் சொல்வது? "யாருக்காக வர்றீங்க?" என்று கேட்டாள். "என் மாப்பிள்ளைக்காக" என்றேன். பேருந்து முழுக்கக் கைதட்டினார்கள். ஓட்டுநர் ஹாரன் அடித்தான். நான் சாண்ட்விச்சை அந்த நாய்க்குக் கொடுத்துவிட்டேன்.

அங்கே போனால் லட்சக்கணக்கில் கூட்டம். தெல்மா ஒரு அட்டையையும் தடித்த பேனாவையும் எடுத்து, என்ன எழுதட்டும் என்றாள். என் மாப்பிள்ளையைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதச் சொன்னேன். அதைத் தூக்கிக்கொண்டு அந்த முழங்காலோடு நாலு மணி நேரம் நடந்தேன். வழியெல்லாம் என்னைப் படம் எடுத்தார்கள். ஓரிடத்தில் ஒரு பெண், உங்கள் ஊர்ப் பெண்தான், பேச்சிலேயே தெரிந்தது, அட்டையைப் படித்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"எங்க இருக்காரு உங்க மாப்பிள்ளை?"

"தோருன்ல."

"ஐயோ பாவம். யாரு போகச் சொன்னா?"

அவ்வளவு பேருக்கு நடுவில், காலையிலிருந்து கைதட்டு வாங்கிக்கொண்டு வந்த எனக்கு, அதற்கு மேல் தாங்கவில்லை. "நான்தாம்மா" என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப இதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியது பாராளுமன்றத்துக்கு இல்லையே" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டாள்.

அன்றே எழுதியிருக்க வேண்டும். பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. ஏன் என்றால், உள்ளூர்ப் பத்திரிகையில் என் படம் அரைப் பக்கத்துக்கு வந்துவிட்டது. பப்புக்குப் போனால் அந்தப் படம் டார்ட்ஸ் பலகையில் இருந்தது, மூக்கில் ஒரு அம்போடு. "டேய் கிளிஃப், நட்சத்திரத் தொப்பி எங்கடா?" என்றான் டெஸ்மண்ட். "எம் பொண்ணு போயிட்டாடா" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் அவனே போய் அம்பைப் பிடுங்கினான், ஆனால் படத்தை எடுக்கவில்லை. அதற்குப்பிறகு நான் அங்கே போகவில்லை.  படம் வந்த மூன்றாம் நாள் வீட்டில் பார்த்தால், பெரில் பத்திரிகையின் இன்னொரு பிரதி வாங்கி, படத்தை வெட்டி, ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். "அப்ப நீ எதுக்குத்தான் ஓட்டுப் போட்ட?" என்று கேட்டேன். "இருக்கணும்னுதான் போட்டேன்" என்றாள். "மூணு வருஷமா சொல்லவே இல்லையே?" என்றேன். "நீ கேக்கவே இல்லையே, கிளிஃப். சொல்லிட்டுத்தான் இருந்த." நாற்பத்தாறு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன் மாப்பிள்ளை. அன்றைக்குத்தான் தெரிந்தது, என் வீட்டில் என் ஓட்டு செல்லாமலே போயிருக்கிறது என்று.

பிறகு, பாராளுமன்றம் ஒரு முடிவு எடுக்கட்டும், நிலைமை தெரிந்ததும் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். எட்டு யோசனைகளை வைத்து ஓட்டெடுத்தார்கள். எட்டுக்கும் வேண்டாம் என்றார்கள். நான் டீவி முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். பெரில், "மீன் வேணுமான்னா வேண்டாம்ப, முட்டை வேணுமான்னா வேண்டாம்ப, அப்புறம் என்னதான் சாப்பாடுன்னு எங்கிட்டயே கேப்ப. உன்னைத்தான் பாராளுமன்றத்துல அறுநூத்தம்பது பேரா உக்கார வெச்சிருக்காங்க" என்றாள். மார்ச் இருபத்தொன்பது வந்தது, போனது. நாம் வெளியேறவில்லை. நீங்கள்தான் வெளியேறியிருந்தீர்கள். இன்று காலைச் செய்தியில், வெளியேறும் நாள் இனி அக்டோபர் முப்பத்தொன்று என்கிறார்கள். "அவங்க முடிவு பண்ணட்டும்னு காத்திருந்தா ஹான்யாவுக்குக் கல்யாணமே ஆயிடும்" என்று சொல்லி, பெரில்தான் இந்தத் தாளை முன்னால் வைத்தாள்.

ஆகவே மாப்பிள்ளை, நான் செய்தது தப்பு. ஓட்டைச் சொல்லவில்லை. அது சரியா தப்பா என்று அவ்வளவு படித்தவர்களுக்கே விளங்கவில்லை. கிரேவி கேட்டதைச் சொல்கிறேன். "நீங்க எங்க வீட்டுப் பிள்ளை, எவன் வந்து கேட்டாலும் நான் வாசல்ல நிப்பேன்" என்று அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மன்னியுங்கள். டிப்போ மேலாளரைப் பார்த்தேன். உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை என்கிறார். பின்பக்க அறையைக் காலி செய்து மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டேன், ஹான்யாவுக்கு. இங்கே தங்க உரிமை கேட்கும் விண்ணப்பத்துக்கு வேண்டுமானால், பதினோரு வருடம் என் பஸ்ஸை ஓட வைத்தவர் நீங்கள்தான் என்று எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். இன்னும் ஆறு மாதம் அவகாசம் இருக்கிறது. வந்துவிடுங்கள்.

லோர்னாவுக்கும் பேத்திக்கும் எங்கள் இருவரின் முத்தங்கள். உங்கள் தாயாருக்கு என் வணக்கம். நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்டநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
கிளிஃபோர்ட் ஸ்டெய்ன்டன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது லோர்னா ஃபோன் செய்தாள். தோருனில் பால்கனி வைத்த வீடு பார்த்து நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களாம், செப்டம்பரில் ஹான்யாவை அங்கேயே பள்ளியில் சேர்க்கிறீர்களாம். அப்படியானால் டிப்போ, மஞ்சள் அறை, ஆறு மாதம் எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படியுங்கள். கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன், பெரில் விடவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே ஹான்யா ஃபோனைப் பிடுங்கி, உங்கள் பாஷையில் என்னிடம் என்னவோ நீளமாகக் கேட்டாள். பதினோரு வருடத்தில் நான் அதில் ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளவில்லை. "சரிடா கண்ணு" என்று சொல்லிவிட்டேன். கத்திக்கொண்டு ஓடினாள், லைனும் போய்விட்டது. எதற்குச் சம்மதித்தேன் என்று தயவுசெய்து எழுதுங்கள். என்னவாக இருந்தாலும் செய்துவிடுகிறேன்.